வெல்டிங் மேசைக்கான இரும்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டுப் பட்டறையில் வெல்டிங் மேசை ஒன்றைச் செய்துகொள்ள விரும்புகிறவர் முதலில் கேட்பது, மேல்தகடு எத்தனை மில்லிமீட்டர் தடிமனாக இருக்க வேண்டும் என்பதுதான். தேவையான கேள்விதான். ஆனால் அதையே முதலில் கேட்பதால், கையிலிருக்கும் பணம் முழுவதும் தகட்டில் கரைந்துபோய், கீழ்ச்சட்டத்தை மிச்சம்மீதிக் கோணல் ஆங்கிள்களை (L வடிவ இரும்புகளை) வைத்து ஒப்பேற்ற வேண்டியதாகிவிடுகிறது. வெல்டிங் மேசை வேலையைத் தாங்கும் பலகை மட்டுமன்று. அது ஓர் அளவுகருவியும்கூட. மேசையோடு சேர்த்துக் கிளாம்ப் என்ற கவ்வி போட்டு இறுக்கிப் பற்றவைக்கப்படும் கதவுச் சட்டமோ நாற்காலிக் காலோ, மேசை எப்படி இருக்கிறதோ அப்படியே உருவாகும். மேசையில் 2 மி.மீ. முறுக்கு இருந்தால், அதன்மேல் செய்யும் ஒவ்வொரு வேலையிலும் அந்த முறுக்கு பதிந்துவிடும். ஆகவே, ஒரு பொருள் எவ்வளவு பலமானது என்பதைவிட, சூடும் சுத்தியலும் எடையும் சேர்ந்து தாக்கும்போது அது சமதளமாக நிற்குமா என்பதையே பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் பரிந்துரைகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்தே பிறக்கின்றன.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீட்டில் செய்யப்படும் பெரும்பாலான வேலைகளுக்கு 1200 மி.மீ. நீளமும் 600 மி.மீ. அகலமும் போதும். அகலம் கை எட்டும் தூரத்தைத் தாண்டினால் நடுப்பகுதி தூசி சேரும் இடமாகிவிடும். நின்று வேலை செய்பவருக்கு 850 முதல் 950 மி.மீ. வரையிலான உயரம் பொருந்தும். உட்கார்ந்து டிக் வெல்டிங் என்ற நுணுக்கமான பற்றவைப்பைச் செய்பவர் 750 மி.மீ. அளவில் அமைத்துக்கொள்ளலாம். எடுத்துக்காட்டுகள் அனைத்துக்கும் 1200க்கு 600 என்ற மேசையையே இங்கே அடிப்படையாகக் கொள்கிறேன்.

எந்த உலோகம்?

பதில் ஏறத்தாழ எப்போதும் மைல்ட் ஸ்டீல் எனப்படும் மென் எஃகுதான். மலிவாகக் கிடைப்பது மட்டும் அதற்குக் காரணமன்று. வேலையின் நடுவே ஒரு தடுப்பையோ தாங்கு கட்டையையோ மேசையின் மீதே டேக் (சிறு புள்ளிப் பற்றவைப்பு) வைத்து நிறுத்திவிட்டு, முடிந்ததும் கிரைண்டரால் சீவி எடுத்துவிடலாம். காயம்பட்ட இடத்தை நிரப்பித் தேய்த்துச் சரிசெய்யலாம். மின்னோட்டம் எளிதாகப் பாயும். காந்தக் கோணமும் காந்தத் தாங்கியும் ஒட்டும். இத்தனை வசதிகளையும் ஒருசேரத் தரும் வேறு உலோகம் இல்லை.

மென் எஃகிலும் இரு வகை உண்டு. சூட்டில் உருட்டப்பட்ட தகட்டின் மேல் கருநீலமாக ஓர் ஆக்சைடு படலம் இருக்கும். அதைப் பட்டறைகளில் மில் ஸ்கேல் என்பார்கள். அந்தப் படலம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. மின்னோட்டம் வெல்டிங் இயந்திரத்துக்குத் திரும்பும் கம்பியின் கவ்வியான எர்த் கிளாம்ப் கடிக்கும் இடத்தில் பொறி பறப்பதும், ஆர்க் எனப்படும் பற்றவைப்பு மின்பொறி தடுமாறுவதும் அதனால்தான். மேல்பரப்பு முழுவதையும் கிரைண்டரில் மாட்டும் ஃப்ளாப் டிஸ்க் என்ற உப்புத்தாள் வட்டு கொண்டு தேய்த்து வெள்ளை இரும்பாக்கிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஓரிடத்திலேயே டிஸ்க்கை அழுத்திப் பள்ளம் பறிக்காமல் கையை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். குளிர் நிலையில் உருட்டப்பட்ட எஃகு வழவழப்பாகவும் அளவு துல்லியமாகவும் இருக்கும். பார்த்தவுடன் மனம் அதன்மேல் செல்லும். ஆனால் உருட்டும்போது ஏறிய உள் இறுக்கம் அதற்குள் தங்கியிருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் சீவினாலோ, நீளவாக்கில் வெட்டினாலோ அந்த இறுக்கம் சமநிலை இழந்து தகடு தானாகவே வளையும். மேல்தகட்டுக்குச் சூட்டில் உருட்டிய தகடே நல்லது என்பது என் முடிவு.

ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய தகட்டையும் குழாயையும் இந்த மேசையின் அருகிலேயே கொண்டுவரக் கூடாது. துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகி, 907 டிகிரியில் கொதிக்கும். எஃகு உருகுவதற்கோ ஏறத்தாழ 1500 டிகிரி வேண்டும். அதாவது, இரும்பு உருகத் தொடங்குவதற்கு வெகு முன்பே பூச்சு ஆவியாகி வெண்புகையாக மூக்கருகே வந்துவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். உலோகப் புகைக் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் ஓரிரு நாள்களில் தணிந்துவிடும் என்பதற்காக அதை அலட்சியப்படுத்த வேண்டியதில்லை. ஒரு பொருளில் உள்ள ஜி.ஐ. பூச்சை ஒருமுறை தேய்த்து நீக்கிவிட்டுப் பற்றவைப்பது வேறு. ஆண்டுக்கணக்கில் சூடேறிக்கொண்டே இருக்கப்போகும் மேசையை அதனால் செய்வது வேறு. பழைய போல்ட்டுகளிலும் கொக்கிகளிலும் காட்மியம் பூச்சு இருக்கக்கூடும். அதன் புகை உயிரையே பறிக்கக்கூடியது. பூச்சு இன்னதென்று தெரியாத எதையும் இந்த மேசையில் பற்றவைக்க வேண்டாம்.

துருப்பிடிக்காத எஃகு கவர்ச்சியானது. மேசைக்கு மட்டும் ஏற்றதன்று. சாதாரணமாகக் கிடைக்கும் 304 ரகம், மென் எஃகு கடத்தும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கடத்துகிறது. ஆனால் அதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரிகிறது. சூடு ஓரிடத்திலேயே தேங்க, அந்த இடம் மட்டும் அதிகமாக விரிய, தகடு விரைவில் நெளிந்துவிடும். காந்தமும் அதில் ஒட்டாது. துருப்பிடிக்காத எஃகில் மட்டுமே வேலை செய்கிறவருக்கு ஒரு நியாயமான கவலை உண்டு: மென் எஃகு மேசையிலுள்ள இரும்புத் துகள் அவருடைய வேலையில் ஒட்டிக்கொண்டு பிறகு துருவாக வெளிப்படும். அதற்கு மேசை முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. அந்த வேலைக்கென்று சில துருப்பிடிக்காத பட்டைகளைத் தனியே வைத்துக்கொண்டு மேசைமேல் பரப்பிக்கொண்டால் போதும்.

அலுமினியத்தைப் பற்றி ஒரு வரியே போதுமானது: எஃகின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கே உள்ளதும், 660 டிகிரியில் உருகுவதுமான உலோகத்தின் மேல் 1500 டிகிரித் துளிகளைத் தெறிக்கவிடுவது சரியான யோசனையன்று.

வார்ப்பிரும்பு மட்டும் வேறு கதை. பழைய இயந்திரம் ஒன்றின் சீவிய படுகையோ, தொழிற்சாலையிலிருந்து கழித்துவிடப்பட்ட தடித்த மேடையோ கிடைத்தால் அதைத் தவறவிடாதீர்கள். அது அசையாது, அதிர்வை விழுங்கும், வெல்டிங் தெறிப்பும் அதில் எளிதில் பற்றிக்கொள்ளாது. குறை என்னவென்றால், 2 முதல் 4 சதவீதம் வரை கரிமம் கொண்ட அந்த இரும்பில் டேக் வைத்தால் பற்றவைப்பின் ஓரத்திலேயே விரிசல் விடும். கனத்த சுத்தியல் அடியையும் அது பொறுக்காது. கிளாம்ப் மட்டுமே போட்டு வேலை செய்யும் ஒழுக்கம் உள்ளவருக்கு அது அரிய மேசை.

தடிமனும் தொய்வும்

எஃகின் எடையைக் கணக்கிட ஓர் எளிய வாய்பாடு போதும்: ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 7.85 கிலோ. இதன்படி நம்முடைய மேசைக்கு 6 மி.மீ. தகடு ஏறத்தாழ 34 கிலோவும், 10 மி.மீ. தகடு 56.5 கிலோவும், 12 மி.மீ. தகடு 68 கிலோவும் இருக்கும். பணத்தையும் தூக்குவதற்கு வேண்டிய ஆளையும் இந்த எண்களே தீர்மானிக்கின்றன.

விறைப்பு எடையைப் போல நேராகக் கூடுவதில்லை. தடிமனின் மும்மடியாகக் கூடுகிறது. தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். 1200 மி.மீ. நீளமுள்ள நம் தகட்டை இரு முனைகளில் மட்டும் தாங்கி, நடுவில் எதையும் கொடுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். எதையும் வைக்காமலேயே, தன் சொந்த எடையால் மட்டும் 6 மி.மீ. தகடு நடுவில் ஏறத்தாழ 3.5 மி.மீ. தொய்யும், 10 மி.மீ. தகடு 1.25 மி.மீ. தொய்யும். நடுவில் 100 கிலோவை ஏற்றினால், முதலாவது மேலும் 16 மி.மீ. வளையும், இரண்டாவது 3.5 மி.மீ. வளையும். 12 மி.மீ. தகடுகூட 2 மி.மீ. இறங்கிவிடும்.

இந்தக் கணக்கைத் தடித்த தகடு வாங்கச் சொல்லும் வாதமாகவே பலரும் எடுத்துக்கொள்வார்கள். நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். எந்தத் தடிமனும் தனியாகச் சமதளத்தைக் காப்பாற்றாது. கீழேயுள்ள சட்டந்தான் காப்பாற்றுகிறது. 300 முதல் 400 மி.மீ. இடைவெளிக்கு ஒரு குறுக்குச் சட்டம் இருந்துவிட்டால், இரண்டு சட்டங்களுக்கு இடையே தகடு தொய்வது மிகமிகக் குறைந்துவிடும். அதன் பிறகு தடிமனின் வேலை வேறு: சூட்டை உறிஞ்சுவதும் சுத்தியலைத் தாங்குவதும்.

சூட்டின் கதையைச் சற்று விளக்க வேண்டும். ஒரு மீட்டர் எஃகு 100 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 1.2 மி.மீ. நீளும். மேசையில் ஓரிடம் மட்டும் சூடேறும்போது, அந்த இடம் நீள முயலும். சுற்றிலுமுள்ள குளிர்ந்த இரும்பு அதை விடாது. நீள வழியில்லாமல் அந்த இடம் உள்ளுக்குள் நசுங்கிக்கொள்கிறது. குளிரும்போது அதே இடம் முன்பைவிடச் சுருங்கிச் சுற்றுப்புறத்தை இழுக்கிறது. தகடு நிரந்தரமாக நெளிகிறது. தடித்த தகட்டில் சூடு விரைவாக உள்ளே பரவிவிடுவதால் ஓரிடத்தின் வெப்பநிலை அவ்வளவு ஏறுவதில்லை. எனவே 2, 3 மி.மீ. குழாய்களையும் மெல்லிய தகடுகளையும் பற்றவைப்பவருக்கு, நெருக்கமான சட்டத்தின் மேல் 6 மி.மீ. தகடு போதும். கிரில், கேட், இழுவண்டிச் சட்டம் போன்றவற்றைச் செய்பவர் 8 அல்லது 10 மி.மீ. வாங்கலாம். மேசைமேலேயே இரும்பை அடித்து நிமிர்த்தவும், தடித்த வெல்டிங் ராடுகளை 150 ஆம்பியருக்கு மேல் வைத்து ஓட்டவும் போகிறவருக்கு 12 மி.மீ. வேண்டும். அதற்கும் மேலே போவது பெரும்பாலான வீட்டுப் பட்டறைகளில் பெருமைக்காகத்தான்.

வரிவரியாகப் புடைப்புள்ள நடைபாதைத் தகடு மலிவாகக் கிடைத்தாலும் மேல்தகடாக உதவாது; வேலை எங்கேயும் சரியாகப் படியாது. கவிழ்த்துப் போட்டுச் சமமான பக்கத்தைப் பயன்படுத்தலாமே என்றால், கீழே சட்டத்தோடு அது படியாமல் அதே தொல்லை இடம் மாறிவிடும்.

முழுத்தகடா, பட்டைகளா, துளைகளா?

முழுத்தகடு எளிது; சிறு பொருள் எதுவும் கீழே விழாது. ஆனால் கிளாம்ப் ஓரங்களில் மட்டுமே பிடிக்கும். மேசையின் நடுவில் வேலையை இறுக்க வழியில்லை. 100 மி.மீ. அகலமும் 10 அல்லது 12 மி.மீ. தடிமனும் உள்ள பட்டைகளை, இடையே 25 முதல் 40 மி.மீ. சந்து விட்டு அடுக்கினால் அந்தக் குறை நீங்கும். சந்து வழியாகக் கிளாம்ப் நுழையும். பற்றவைப்பில் உதிரும் கசடும் கிரைண்டர் தூளும் கீழே கொட்டிவிடும். ஒரு பட்டை கெட்டுப்போனால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். பெரிய தகட்டைத் தூக்க முடியாத தனியாளுக்கும் இதுவே வசதி, ஏனெனில் 100க்கு 12 பட்டை மீட்டருக்கு ஏறத்தாழ 9.4 கிலோதான். இதற்கு விலையாக, ஒவ்வொரு பட்டையையும் மற்றவற்றோடு ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் பொறுமை வேண்டும். பட்டைகள் தட்டையான பக்கத்தில் நேராகத் தெரிந்தாலும், விளிம்புவாக்கில் வாளைப் போல வளைந்திருப்பது வழக்கம். வாங்கும்போதே இரண்டை விளிம்போடு விளிம்பு சேர்த்து நிறுத்திப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது வகை, தொழிற்சாலைகளில் காணப்படும் துளை மேசை. 16 மி.மீ. அல்லது 28 மி.மீ. துளைகள், 50 அல்லது 100 மி.மீ. இடைவெளியில், வரிசை தப்பாமல் இருக்கும். அந்த அளவுக்கென்றே செய்யப்பட்ட கிளாம்ப்களும் தடுப்பு முளைகளும் உண்டு. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் நம் மேசைக்கு 50 மி.மீ. இடைவெளி என்றால் 250 துளைகளுக்கு மேல் போட வேண்டும். கை ட்ரில்லில் அது நடக்காது. நடந்தாலும் வரிசை சேராது, வரிசை சேராத துளை மேசைக்குப் பொருளில்லை. லேசரால் வெட்டிய தகட்டை வாங்க முடிந்தால் வாங்கலாம். இல்லையென்றால் முழுத்தகட்டை வைத்து வேலையைத் தொடங்கி, கிளாம்ப் எட்டாமல் தவித்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்து வைத்துவிட்டு, சில மாதங்கள் கழித்து அந்த இடங்களில் மட்டும் 16 மி.மீ. துளைகளைப் போட்டுக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. பத்துப் பன்னிரண்டு துளைகளைத் தாண்டாது.

சட்டம்

என் முதல் மேசையின் மேல்தகடு 10 மி.மீ.; சட்டமோ கைக்கு வந்த ஆங்கிள். மூலைக்கு மூலை அது ஆடிய ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான் எங்கே சிக்கனம் செய்யக் கூடாது என்பது விளங்கியது. ஆங்கிளும், C வடிவச் சேனலும் திறந்த வடிவங்கள். நேராக வரும் எடையை ஓரளவு தாங்கினாலும் முறுக்குக்கு எளிதில் இடம் கொடுத்துவிடும். சதுரக் குழாய் மூடிய வடிவம். 50க்கு 50, 6 மி.மீ. ஆங்கிள் மீட்டருக்கு 4.5 கிலோ, 50க்கு 50, 3 மி.மீ. சதுரக் குழாய் 4.3 கிலோ. எடையும் ஏறத்தாழ விலையும் ஒன்றுதான். ஆனால் முறுக்கை எதிர்ப்பதில் குழாய் ஆங்கிளைவிட நாற்பது மடங்குக்கும் மேல் உயர்ந்தது. வெல்டிங் மேசைக்கு முறுக்குதான் முதல் எதிரி என்பதால், சட்டத்துக்குக் குழாய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சுவர்த் தடிமன் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 2 மி.மீ. குழாய் பற்றவைக்கும்போது ஓட்டை விழும், கிளாம்ப் இறுக்கினால் நசுங்கும்.

இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தவர், தகட்டின் தடிமனைக் கூட்டாமல் நீளவாக்குக் குழாய்களின் உயரத்தைக் கூட்டட்டும். 50க்கு 50 குழாய் ஒன்று, 1200 மி.மீ. இடைவெளியில் நடுவே 100 கிலோ வைத்தால் 0.9 மி.மீ. அளவுக்கு இறங்கும். அதே 3 மி.மீ. சுவரில் 100க்கு 50 செவ்வகக் குழாயை உயரம் மேல்நோக்க நிறுத்திவைத்தால், எடை ஒன்றரை மடங்குதான் கூடும். விறைப்பு ஐந்து மடங்குக்கு மேல் கூடும். ஒவ்வொரு கிலோவுக்கும் இவ்வளவு பலன் தரும் செலவு இந்த மேசையில் வேறெங்கும் இல்லை.

குழாயின் முனைகளைத் திறந்துவிட வேண்டாம். கிரைண்டர் பொறி உள்ளே புகுந்து, அங்கே சேர்ந்திருக்கும் தூசியில் கனலக்கூடும். மூடிப் பற்றவைக்கும்போது, காற்று வெளியேற 3 மி.மீ. துளை ஒன்றை மறைவான பக்கத்தில் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே சூடேறி விரியும் காற்று, கடைசியாக மூடும் இடத்தில் உருகிய இரும்பை வெளியே ஊதித் தள்ளும்.

சட்டத்தின் வெளி அளவு மேல்தகட்டைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதையும் குழாய் வெட்டுவதற்கு முன்பே நினைவில் கொள்க. நான்கு பக்கமும் 75 மி.மீ. தகடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் கிளாம்ப்பின் கீழ்த்தாடைக்குப் பிடிமானம் கிடைக்கும். தகட்டின் விளிம்போடு விளிம்பாகச் சட்டத்தை அமைத்துவிட்டு, ஒரு கிளாம்ப்பைக்கூட மாட்ட முடியாமல் விழிக்கும் மேசைகள் ஏராளம்.

தகட்டையும் சட்டத்தையும் இணைப்பது

பொருள் தேர்வில் இது சேராது என்று தோன்றலாம். ஆனால் நல்ல பொருளெல்லாம் வீணாவது இந்த இடத்தில்தான். மேல்தகட்டைச் சட்டத்தோடு சுற்றிலும் முழுநீளத்துக்குப் பற்றவைத்தால், ஒவ்வொரு பற்றவைப்பும் குளிரும்போது சுருங்கித் தகட்டை இழுக்கும். நேற்று மாலை ரசமட்டத்தில் சரியாக இருந்த தகடு இன்று காலை நெளிந்து கிடக்கும். தகட்டின் அடியில் சிறு ஆங்கிள் துண்டுகளை 25 மி.மீ. நீளப் பற்றவைப்பால் பொருத்தி, அவற்றைச் சட்டத்தோடு 10 அல்லது 12 மி.மீ. போல்ட்டால் முடுக்குவதே சிறந்தது. போல்ட் துளைகள் சற்று நீளமாக இருந்தால் தகடு சூட்டில் நீளவும் இடம் கிடைக்கும். சட்டம் எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே மெல்லிய ஷிம் தகடுகளைச் செருகி மட்டத்தைச் சரிசெய்யலாம். ஆகவே பொருள் பட்டியலில் எட்டுப் போல்ட்டுகளையும், 0.5 மற்றும் 1 மி.மீ. தகட்டுத் துண்டுகள் சிலவற்றையும் சேர்த்துக்கொள்க. பூச்சில்லாத போல்ட்டே வேண்டும்.

கால்களும் சக்கரங்களும்

கால்களுக்கும் அதே 50க்கு 50 குழாய் போதும். கால் முனையில் 16 மி.மீ. மரை போல்ட் ஒன்றை ஏற்றி இறக்கும் பாதமாக வைத்தால், சமமில்லாத தரையிலும் மேசை முறுகாமல் நிற்கும். சக்கரம் வேண்டுமானால் எடைக் கணக்கு போட வேண்டும். 10 மி.மீ. தகடும் குழாய்ச் சட்டமும் சேர்ந்து நம் மேசை ஏறத்தாழ 100 கிலோ. அதன்மேல் 150 கிலோ வேலை என்று கொண்டால் 250 கிலோ. இதை நான்கால் வகுக்கக் கூடாது, மூன்றால் வகுக்க வேண்டும். தரை சற்றே சமமில்லாமல் போனாலும் மூன்று சக்கரங்களே எடையைத் தாங்கும். ஒரு சக்கரத்துக்கு 83 கிலோ என்றாகிறது. எனவே 100 கிலோவுக்குக் குறையாத சக்கரத்தை வாங்க வேண்டும். ரப்பர், நைலான் சக்கரங்களைச் சூடான கசடு உருக்கிவிடும்; இரும்பு அல்லது வார்ப்பிரும்புச் சக்கரமே நிற்கும். வேலை நேரத்தில் மேசை சக்கரத்தின் மேல் நிற்காமல், பாதப் போல்ட்டுகளின் மேல் நிற்கும்படி அமைத்தால் இன்னும் நல்லது.

கீழ்த்தட்டுக்கு மரப்பலகையோ ஒட்டுப்பலகையோ கூடாது. இரும்பு ஜாலித் தகடு போட்டால் தூளும் தேங்காது, தீயும் பிடிக்காது. தரை கான்கிரீட்டாக இருப்பது நல்லதுதான், ஆனால் இரும்பை வெட்டும் கேஸ் கட்டிங் சுவாலை நேராகத் தரையில் படும்படி வெட்டினால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லுகள் வெடித்துத் தெறிக்கும். கேஸ் கட்டிங் செய்பவர் அதற்கென்று தனிக் கம்பித் தாங்கி ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. மேல்தகட்டின் மேல் வெட்டினால் தகட்டுக்கும் சேர்த்துக் காயம் விழும்.

பழைய இரும்பை வாங்கும்போது

பழைய இரும்பில் நல்ல தகடு கிடைக்கும், மறுப்பதற்கில்லை. பார்க்க வேண்டியவை சில. நேர் விளிம்புள்ள கோல் ஒன்றை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மூலைவிட்டமாகவும் தகட்டின் மேல் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். சாதாரண எழுதுதாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன் என்பதால், சந்துக்குள் எத்தனை தாள் நுழைகிறது என்பதே ஓர் அளவாகும். முறுக்கைக் கண்டுபிடிக்க, நான்கு மூலைகளிலும் ஒரே உயரமுள்ள கட்டைகளை வைத்து, இரண்டு மூலைவிட்டங்களிலும் நூலை இழுத்துக் கட்ட வேண்டும். நடுவில் இரண்டு நூலும் லேசாகத் தொட்டுக்கொண்டால் முறுக்கில்லை. இடைவெளி விட்டாலோ ஒன்றை ஒன்று அழுத்தினாலோ முறுக்கு உண்டு. புதுத் தகடும் இந்தச் சோதனைக்கு விலக்கன்று. உருட்டாலையிலிருந்து வரும் தகட்டில் மீட்டருக்குச் சில மில்லிமீட்டர் வளைவு இருப்பது வழக்கமே. 1200 மி.மீ. நீளத்தில் 1 மி.மீ. வரை பொதுவான வேலைக்குப் பொறுத்துக்கொள்ளலாம், சட்டத்தோடு முடுக்கும்போது ஓரளவு சரியாகிவிடும். முறுக்கு மட்டும் அவ்வளவு எளிதில் சரியாகாது.

வெட்டிய விதத்தையும் கவனிக்க வேண்டும். கத்தரி இயந்திரத்தில் வெட்டிய குறுகிய துண்டுகள் விளிம்பில் சுருண்டிருக்கும். கேஸில் வெட்டிய விளிம்பு கடினப்பட்டிருக்கும். ட்ரில் பிட்டை அது மழுக்கிவிடும் என்பதால் முதலில் சில மில்லிமீட்டரைக் கிரைண்டரால் சீவிவிட வேண்டும்.

இன்ன எஃகு என்று தெரியாததைச் சட்டத்தில் பற்றவைக்கக் கூடாது. வண்டி வில்பட்டை, தண்டவாளத் துண்டு போன்றவை கரிமம் மிகுந்தவை. பற்றவைத்த இடத்தை ஒட்டிக் கடினமாகி, பிறகு விரிசல் விடும். அரம் வைத்து இழுத்தால் கடிக்காமல் வழுக்கினால் அது கடினப்பட்ட எஃகு. கிரைண்டரில் தொட்டால், மென் எஃகு நீண்ட நேரான பொறிகளை அதிகம் கிளைக்காமல் விடும். கரிமம் மிகுந்தது மத்தாப்பைப் போலப் பூப்பூவாகக் கிளைத்துச் சிதறும். காந்தத்தால் இரும்பைத் தூக்கும் கிரேனில் கையாளப்பட்ட தகடு சில நேரம் காந்தமேறியிருக்கும். இரும்புத் தூளைத் தூவினால் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். டி.சி. வெல்டிங்கில் ஆர்க்கை அது ஒரு பக்கமாக இழுத்தடிக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். பற்றவைக்கும் இடங்களில் அதை எரித்து நீக்காமல், முகக்கவசம் அணிந்து, ரசாயனத்தால் நீக்குவதே பாதுகாப்பு. எண்ணெய்ப் பிசுக்கை அகற்ற குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரை எடுக்கவே கூடாது. அதன் மிச்ச ஆவி ஆர்க்கின் சூட்டிலும் ஒளியிலும் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயுவாக மாறும். அசிட்டோனால் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகு பற்றவைக்க வேண்டும்.

சில்லறைப் பொருள்கள்

எர்த் கிளாம்ப்புக்கென்று 50க்கு 10 மி.மீ. பட்டைத் துண்டு ஒன்றைத் தகட்டின் அடியில், கைக்கு எட்டும் மூலையில் பற்றவைத்து, அதற்குப் பெயிண்ட் அடிக்காமல் விட்டுவிட வேண்டும். கிளாம்ப்பை மேசையில் போடாமல் வேறெங்கோ மாட்டினால், மின்னோட்டம் சக்கரத்தின் பேரிங் வழியாகவோ, மேசைமேல் கிடக்கும் கிரைண்டரின் எர்த் கம்பி வழியாகவோ திரும்ப வழி தேடும். பேரிங்கும் கம்பியும் கருகும்.

பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் என்ற பிடிகருவியை மேசைமேல் நிரந்தரமாகப் பொருத்தினால் பெரிய வேலைக்கு அது குறுக்கே நிற்கும். மேசைக்கு அடியில் 60க்கு 60, 4 மி.மீ. குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தி, வைஸ் ஏற்றிய 50க்கு 50 குழாயை அதற்குள் நுழைத்துக்கொண்டால், வேண்டாதபோது உருவி எடுத்துவிடலாம். கணக்குப்படி உள்ளே 52 மி.மீ. இடம் இருந்தாலும், குழாய் தயாரிப்பில் விழுந்த பற்றவைப்புத் தழும்பு உட்புறத்தில் புடைத்துக்கொண்டு தடுக்கும். அதை அரத்தால் ராவிய பிறகே நுழையும். ஒரு செம்புப் பட்டைத் துண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்க; மெல்லிய தகட்டில் ஓட்டை விழும் இடத்துக்குப் பின்னால் அண்டை கொடுக்க அதைவிட நல்லது கிடையாது, எஃகு அதில் ஒட்டாது.

கால்களுக்கும் சட்டத்துக்கும் பெயிண்ட் அடிக்கலாம். மேல்தகட்டுக்குக் கூடாது, மின்னோட்டம் தடைபடும், முதல் நாளே எரிந்து புகையும். துருவைத் தடுக்க, வேலை முடிந்த மாலையில் மெல்லிய எண்ணெயையோ மெழுகையோ துணியில் தோய்த்து ஒரு முறை துடைத்துவிட்டு, மறுநாள் பற்றவைக்கும் இடத்தை மட்டும் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.